அடித்துண்டும் நுனித்துண்டும்

பெண் கேட்டு ஆட்கள் வரப்போகிற நாளிலும் ஜொவெலின் பட்டறையில்தான் இருந்தாள். விடிந்ததிலிருந்து, ஐந்து மாதத்துக்கு முன்னால் மே மாதம் வெட்டிய பிரம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, இடுப்பு உயரத்தில் பிடித்து, சிமெண்டுத் தரையில் போட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகக் காய்ந்த பிரம்பு தரையில் பட்டதும் 'டிங்' என்று துள்ளும். உள்ளே ஈரம் இருந்தால் 'தொம்' என்று அப்படியே அடங்கிவிடும். நாற்பதில் முப்பத்தேழு துள்ளின. மூன்று அடங்கின. அந்த மூன்றையும் கயிற்றில் கட்டி அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிட்டாள்.

"இண்டாய், அவங்க ஜீப் பாலம் தாண்டிடுச்சாம்." ஜொவெலினை எப்போதும் 'இண்டாய்', தங்கச்சி, என்றே கூப்பிடும் அண்ணி கொரிங் வாசலில் வந்து நின்றாள். கையில் தென்னோலைக் கூட்டுக்குள் வேகவைத்த சோற்றுப் பொட்டலங்கள் கொத்தாகத் தொங்கின. "உன் மூஞ்சியில பாதி கரி. அந்த ஆளு உன்னைக் கேட்டு வர்றானா, அடுப்பைக் கேட்டு வர்றானா?"

"அவரு என்னைக் கரியோடதான் மொதல்ல பார்த்தாரு, அண்ணி."

"அப்ப சரி. ஏமாத்திட்டோம்னு நாளைக்குச் சொல்ல முடியாது."

ஜொவெலின் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "மனோய் என்ன பண்றாரு?"

"உங்க அண்ணன் காலையிலிருந்து இடது கையால கத்தி தீட்டிக்கிட்டு இருக்காரு. வெட்டுறதுக்கு ஒரு கோழிகூட இல்லையே, எதுக்குன்னு கேட்டேன். முறைச்சாரு. நான் சமையலுக்கு வந்துட்டேன்."

சிரிக்கத்தான் வந்தது. ஆனால் ஜொவெலின் சிரிக்கவில்லை. அண்ணன் வால்டோ ஆறு வருடமாக எல்லாவற்றையும் இடது கையால்தான் செய்கிறான். வலது மணிக்கட்டு சேர்ந்தது, ஆனால் நேராகச் சேரவில்லை. பிரம்பைப் பிடித்தால் கால் மணி நேரத்துக்கு மேல் விரல்கள் தாங்காது.

ஆறு வருடத்துக்கு முன்னால் சான் விசென்தே திருவிழாவில் நடந்தது அது. ஆற்றுக்கு இக்கரையில் ஒரு எஸ்க்ரிமா கம்புச் சண்டைச் சங்கம், அக்கரையில் இன்னொன்று. திருவிழா அன்று மாதா கோயில் மைதானத்தில் கடைசிப் போட்டி எப்போதும் இரண்டு கரைக்கும்தான். அந்த வருடம் இக்கரைக்கு வால்டோ, அக்கரைக்கு டெல்ஃபின். மூன்றாவது சுற்றில் டெல்ஃபின் மேலிருந்து இறக்கிய அடியை வால்டோ குறுக்கே தாங்கினான். எலும்பு முறிந்த சத்தம் ஐஸ் வண்டிக்காரனுக்குக்கூடக் கேட்டது.

பிரம்பு அடி வீங்க வைக்கும், தோலைக் கன்ற வைக்கும். எலும்பை உடைப்பது வைரம் பாய்ந்த பனைக் கம்பு. விளையாட்டுப் போட்டிக்குப் பனைக் கம்பை எடுப்பவனை மனிதனாகவே யாரும் மதிப்பதில்லை. டெல்ஃபினின் கம்பில் முனையிலிருந்து முனை வரை கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப் சுற்றுவது எல்லோரும் செய்வதுதான். அடி வாங்க வாங்கப் பிரம்பு நார் நாராகப் பிரியும், டேப் அதைப் பிடித்து நிறுத்தும். ஆனால் அன்று மைதானமே ஒரே குரலில் கேட்டது. டேப்பை உரி.

டெல்ஃபின் உரிக்கவில்லை. கம்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதவனைப் பற்றி ஊர் தானே பேசி முடிவு செய்தது. அன்றோடு அவனை எந்தக் கரையும் ஆட விடவில்லை, அவனுடைய சொந்தச் சங்கம் உட்பட.

அது பிரம்புதான் என்று ஜொவெலினுக்குத் தெரியும். வெட்டியது, சீவியது, நெருப்பில் காட்டி நிமிர்த்தியது, சூடு போட்டது எல்லாம் அவள்தான். கணுவுக்குக் கணு பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வளையம், தள்ளி ஒரு வளையம். அந்தச் சூடு அவள் கை மட்டுமே போடும் சூடு என்று இரண்டு கரையிலும் குழந்தைக்குக்கூடத் தெரியும். டேப்பை எந்த இடத்தில் கிள்ளியிருந்தாலும் வளையம் தெரிந்திருக்கும். இக்கரைச் சங்கத் தலைவரின் மகள் திருவிழாவுக்கு முன்னால் அக்கரைக்காரனுக்குக் கம்பு செய்து கொடுத்தாள் என்பது தெரிந்திருக்கும். அப்பா அப்போது நெஞ்சு வலியோடு படுக்கையில் கிடந்தார்.

"உங்க அப்பா இருக்கிற வரைக்கும் இது நமக்குள்ள இருக்கட்டும்" என்று டெல்ஃபின் ஒரு ஞாயிறு பூசை முடிந்து கூட்டத்தோடு கூட்டமாக நடக்கும்போது முன்னால் பார்த்தபடியே சொன்னான். "என்னைக் கள்ளன்னு சொல்றதால எனக்குச் சோறு இறங்காமப் போயிடாது."

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. துக்க வருடம் முடிந்தும் ஜொவெலின் இரண்டு முறை அவனைத் தள்ளிப்போட்டாள். சொல்ல வேண்டியதில் பாதி மட்டும்தான் டெல்ஃபினுக்குத் தெரியும். மீதிப் பாதியை அவனிடமும் அவள் சொன்னதில்லை. போன வாரம்தான் முடிவு செய்தாள். சொல்லாமல் அந்த மனிதனைக் கட்டிக்கொண்டு அண்ணன் முகத்தில் விழிக்க முடியாது. அண்ணன் கையால் ஆசீர்வாதம் வாங்காமல் அந்த மனிதனைக் கட்டிக்கொள்ளவும் முடியாது. 'வாங்க' என்று டெல்ஃபினுக்குச் செய்தி அனுப்பினாள். 'அந்தக் கம்பையும் எடுத்துட்டு வாங்க.'

ஜீப் வந்து நின்றது. முதலில் இறங்கியது வறுத்த முழுப் பன்றி, அதற்குப் பின்னால் டெல்ஃபின், அதற்குப் பின்னால் பேசுவதற்காகவே கூட்டி வந்த, ஊருக்கே மாமாவான தியோ சிட்ரோ. அக்கரையில் பெண் கேட்க எந்த வீட்டார் புறப்பட்டாலும் தியோ சிட்ரோவைத்தான் முன்னால் விடுவார்கள். அவர் பேசிய இடத்தில் ஒரே ஒரு கல்யாணம்தான் நின்றுபோனது, அதுவும் மாப்பிள்ளை பேருந்தைத் தவறவிட்டதால் என்று அவரே சொல்வார்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கொரிங் கள் ஊற்றினாள். வால்டோ வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் கிளாஸைப் பிடித்திருந்தான்.

"இந்தப் பக்கமா வந்துக்கிட்டு இருந்தோம்" என்று தியோ சிட்ரோ முறைப்படி ஆரம்பித்தார். "உங்க வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு கேள்விப்பட்டோம். ஓலை மாத்தக் கைசுத்தமான ஒரு ஆளு எங்ககிட்ட சும்மா இருந்தான். கூட்டிட்டு வந்தோம்."

"கூரை ஒழுகலை" என்றான் வால்டோ.

"இன்னைக்கு ஒழுகலை. மழை இன்னும் பாக்கி இருக்கே."

"தகரக் கூரை, தியோ."

"தகரம் துருப்பிடிக்கும்." தியோ சிட்ரோ ஒரு மிடறு குடித்தார். "துருப்பிடிக்காம பார்த்துக்கவும் ஒரு ஆளு வேணும்."

கொரிங் தோளில் கிடந்த துணியால் வாயை மூடிக்கொண்டாள். வால்டோ சிரிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு டெல்ஃபினைப் பார்த்தான்.

"தியோ, நீங்க பெரியவரு. உங்க பேச்சைக் கேட்டா நாள் முழுக்கக் கேக்கலாம். எனக்கு இவன்கிட்ட ஒரே ஒரு கேள்விதான். டோங், அன்னைக்கு உரிக்காத டேப்பை இன்னைக்கு உரிப்பியா?"

டோங் என்று தம்பியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டதும் டெல்ஃபின் தலை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பார்வையை மேசை மேல் இறக்கினான்.

"அப்ப பன்றியைத் தூக்கிட்டுக் கிளம்புங்க."

"மனுஷங்க வேணா போகட்டும்" என்று கொரிங் மெதுவாகச் சொன்னாள். "பன்றி என்ன பண்ணுச்சு?"

ஜொவெலின் எழுந்தாள். யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டி ஜீப்புக்குப் போனாள். இருக்கைக்குக் கீழே சாக்குத் துணியில் சுற்றிய கம்பு இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பி வந்து மேசை மேல் வைத்தாள். பட்டறையிலிருந்து சீவும் கத்தியையும் எடுத்து வந்தாள்.

"ஜொவெ, வேணாம்" என்றான் டெல்ஃபின்.

"ஆறு வருஷம் உங்க பேச்சைக் கேட்டாச்சு."

ஆறு வருடத்து டேப் சுலபமாக வரவில்லை. பசை பாகு போல் இறுகியிருந்தது. கத்தி முனையால் நெம்பி, ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று உரித்தாள். கறுப்புச் சுருள் மேசையில் விழுந்துகொண்டே இருந்தது. முதலில் பிடியில் ஒரு வளையம் தெரிந்தது. பிறகு பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. அடுத்த கணுவில் மறுபடி ஒன்று, தள்ளி இரண்டு. கொரிங் நாற்காலியைப் பார்க்காமலே பின்னால் தடவி உட்கார்ந்தாள்.

"பிரம்புதான்" என்றார் தியோ சிட்ரோ. முதல் முறையாக அவர் சின்ன வாக்கியம் பேசினார்.

வால்டோ நம்பவில்லை. கம்பை இடது கையால் எடுத்துத் தரையில் போட்டான். 'டிங்' என்று அது மேசைக்கால் வரை துள்ளியது. அப்போதும் நம்பாமல் ஒரு முனையைக் கள் கிளாஸுக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஊதினான். கள்ளில் குமிழ் குமிழாக வந்தது. பனை வைரத்துக்குள் மூச்சு போகாது. பிரம்புக்குள்தான் போகும்.

"உன் சூடு" என்றான் தங்கையைப் பார்த்து.

"என் சூடுதான்."

"இவன் கேட்டானா?"

"கேக்கலை. நானாத்தான் குடுத்தேன். எனக்கு இவரைப் பிடிச்சிருந்தது."

வால்டோ டெல்ஃபின் பக்கம் திரும்பினான். "ஊரே உன்னைக் காறித் துப்புச்சு. உங்க சங்கத்துல வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னாங்க. டேப்பை ஒரு விரல் அளவு கிள்ளியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"கிள்ளியிருந்தா எனக்கு முடிஞ்சிருக்கும்" என்றான் டெல்ஃபின். "ஜொவெலினுக்கு அங்கேதான் ஆரம்பிச்சிருக்கும்."

வால்டோ கம்பை மெல்ல மேசையில் வைத்தான். முகத்தில் கடினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை ஜொவெலின் பார்த்தாள். தியோ சிட்ரோவும் பார்த்துவிட்டார். காரியம் கனிந்தது என்று கிளாஸை உயர்த்தி, "அப்படின்னா கூரை விஷயமா..." என்று தொடங்கினார்.

இங்கேயே நிறுத்திவிடலாம். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பன்றியை வெட்டலாம், தேதி பேசலாம். அந்த ஒரு கணம் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை ஜொவெலின் பிறகு வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

"இன்னும் முடியலை, தியோ" என்றாள்.

கொல்லைப்புறம் போனாள். துணிக்கொடியைத் தாங்கிக்கொண்டிருந்த கம்பை உருவினாள். கொடி தொய்ந்து அண்ணன் சட்டைகள் தரையைத் தொட்டன.

"ஏய், அது என் துணிக்கம்பு" என்று கொரிங் கத்தினாள்.

"மொதல்ல மனோய் கம்பு."

அன்று வால்டோ ஆடிய கம்பு அது. முனை துடைப்பம் போல் விரிந்திருந்தது. வெயிலிலும் மழையிலும் நிறம் வெளுத்திருந்தாலும் சூடு அழியவில்லை. இரண்டு கம்புகளையும் மேசையில் முனையோடு முனை சேர்த்து வைத்தாள். காட்டில் முள் கிழித்த ஒரு நீளத் தழும்பு முதல் கம்பில் தொடங்கி, வெட்டின இடத்தைத் தாண்டி, இரண்டாவது கம்புக்குள் ஓடி முடிந்தது.

இரண்டும் ஒரே பிரம்பு.

ஆற்றங்கரையில் பிறந்த யாருக்கும் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஒரு பிரம்பில் வெட்டிய இரண்டு துண்டு ஒருவனுடைய இரண்டு கைக்குப் போகும். எதிரெதிரே நிற்கும் இரண்டு பேருக்குப் போகாது. வேர்ப்பக்கத்து அடித்துண்டு கனமானது, இறுகியது. நுனித்துண்டு இலேசு, அடி தாங்கினால் வளையும்.

"அடித்துண்டு இவருக்கு" என்றாள். கம்பை விரலால் தொட்டுக் காட்டினாள். "நுனித்துண்டு உனக்கு. தெரிஞ்சுதான் பண்ணினேன், மனோய். நீ எப்படியும் ஜெயிப்பேன்னு நினைச்சேன். இவருக்கு ரொம்ப அடிபட்டுடக் கூடாதுன்னும் நினைச்சேன். உனக்குப் பட்டா என்ன ஆகும்னு மட்டும் நினைக்கலை."

டெல்ஃபின் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றான். அவனுக்கும் இது தெரியாது. "நான் அளவு தெரியாம அடிச்சிட்டேன்னுதான் இத்தனை வருஷமா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான்.

"உங்க அடியில தப்பில்லை. மனோய் கம்பு வளைஞ்சுது. அடி கம்புல நிக்காம கையில இறங்கிடுச்சு."

வால்டோ இரண்டு கம்புகளையும் எடுத்தான். எழுந்து முற்றத்துக்குப் போனான். முதுகைக் காட்டிக்கொண்டு பலா மரத்தடியில் நின்றான். கொரிங் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டோங்" என்று முற்றத்திலிருந்து குரல் வந்தது. "வெளியே வா."

டெல்ஃபின் போனான். வால்டோ அவன் முன்னால் நுனித்துண்டை நீட்டினான்.

"இன்னைக்கு இது உனக்கு."

"சட்டையைக் கழட்டிட்டு ஆடுங்க" என்றாள் கொரிங் வாசலிலிருந்து. "ஏற்கெனவே எல்லாத்தையும் மறுபடி துவைக்கணும்."

வால்டோ கழற்றினான். அடித்துண்டை இடது கையில் பிடித்தான். ஆறு வருடமாக விடியற்காலையில் டயர் கட்டிய தூணை அந்தக் கையால் அவன் அடித்துக்கொண்டிருந்ததை ஜொவெலின் படுக்கையில் படுத்தபடி கேட்டிருக்கிறாள். டெல்ஃபினுக்குத் தெரியாது. ஆட்டமே கிடைக்காமல் ஆறு வருடம் இருந்தவன் அவன். முதல் இரண்டு அடியை விட்டுக்கொடுத்தான்.

"என்கிட்ட இரக்கம் காட்டுறியா?" என்றான் வால்டோ. "அடி."

அப்புறம் டெல்ஃபின் அடித்தான். கம்பும் கம்பும் மோதும் சத்தம் தகரக் கூரையில் எதிரொலித்தது. பிரம்பு பிரம்போடு வேகமாக உரசும்போது வரும் தீய்ந்த வாசனை முற்றத்தில் பரவியது. டெல்ஃபின் ஒரு முறை வால்டோவின் தொடையில் பதித்தான். வால்டோ அவன் தோளில் இரண்டு பதித்தான். பிறகு இடது பக்கம் சாய்ந்து, மேலிருந்து இறக்கினான். அன்றைய அதே அடி. டெல்ஃபின் குறுக்கே தாங்கினான். நுனித்துண்டு வளைந்தது. அடி கம்பில் நிற்காமல் முன்கையில் இறங்கியது. டெல்ஃபினின் கம்பு புழுதியில் விழுந்தது.

டெல்ஃபின் கையை உதறவில்லை, மறு கையால் பிடித்துக்கொள்ளவும் இல்லை. கோடு போல் சிவந்து வீங்க ஆரம்பித்தது.

"விரலை மடக்கு" என்றான் வால்டோ.

மடக்கினான்.

"வலிக்குதா?"

"வலிக்குது, மனோய்."

அக்கரைக்காரன் ஒருவன் தன்னை அண்ணன் என்று கூப்பிட்டதை வால்டோ கவனித்தானா என்று முகத்தில் தெரியவில்லை. குனிந்து விழுந்த கம்பையும் எடுத்துக்கொண்டான். ஜொவெலின் முன்னால் வந்து நின்றான். மூச்சு வாங்கியது.

"கை போனது இருக்கட்டும்" என்றான். "அன்னைக்கு ராத்திரி எனக்குக் கஞ்சி ஊட்டினது நீதான். அப்பவே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

"ஆறு வருஷம் ஊட்டினே."

"ஆமா."

அவள் தலை குனியவில்லை. குனிந்தால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். அழுதால் அண்ணன் இளகிவிடுவான் என்பதும் தெரியும். அப்படி இளகி வருகிற சம்மதம் அவளுக்கு வேண்டாம்.

வால்டோ தியோ சிட்ரோவைப் பார்த்தான். "பழைய முறைப்படி இவன் நம்ம வீட்டுல வேலை செய்யணும். மே மாசம் வெட்டின பிரம்பு பட்டறையில இருக்கு. அது காயுற வரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து தோல் சீவட்டும். ஜனவரி, பிப்ரவரி ஆகும். அப்புறம் கோயில்ல தேதி கேக்கலாம்."

தியோ சிட்ரோ சந்தோஷமாக வாய் திறப்பதற்குள் ஜொவெலின் பேசினாள்.

"அது காய்ஞ்சாச்சு, மனோய். காலையில நாற்பதையும் போட்டுப் பார்த்துட்டேன்."

"எல்லாமா?"

"முப்பத்தேழு துள்ளுச்சு."

"பொண்ணு கேட்டு வர்ற நாள்ல உட்கார்ந்து பிரம்பு எண்ணியிருக்கா" என்றாள் கொரிங். "எதுக்குன்னு இப்பத்தான் புரியுது."

வால்டோ பட்டறைக்குள் போனான். ஒரு கம்பு விழும் சத்தம் கேட்டது. டிங். இன்னொன்று. டிங். ஐந்தாறு போட்டுப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தான்.

"மீதி மூணு?"

"அடுப்பு மேல கட்டியிருக்கேன். நாலு வாரம்."

"ஆறு வாரம் ஆகும்."

"தினமும் ரெண்டு வேளை அடுப்பு எரியுது. நாலு வாரம்."

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேருக்கும் அப்பாவின் தாடை.

"நாலு" என்றான் வால்டோ கடைசியில். "நான் போட்டுப் பார்ப்பேன். ஒண்ணு அடங்கினாலும் பிப்ரவரிதான்."

"போட்டுப் பாரு."

"டோங், நாலு சனிக்கிழமை. ஆறு மணிக்கு வரணும். வீங்கின கைன்னு சாக்கு சொல்லாதே, நான் ஒரு கையால சீவுறேன்."

"ஆறுக்கு முன்னாலேயே வந்துடுவேன்" என்றான் டெல்ஃபின்.

"முன்னால வராதே. காப்பி போட ஆளில்லை" என்றாள் கொரிங். பிறகு நினைவு வந்தவளாக, "என் துணிக்கம்பு?" என்றாள்.

"வேற வெட்டித் தர்றேன். இது ரெண்டும் ஒரே ஆணியில இருக்கட்டும்." வால்டோ இரண்டு துண்டுகளையும் பட்டறைச் சுவரில் சேர்த்து மாட்டினான். அவன் திரும்பியபோது கண் சிவந்திருந்தது. புழுதி என்று அவன் சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பன்றியை வெட்டினார்கள். அண்ணன் காலையிலிருந்து தீட்டிய கத்தி மொறுமொறுத்த தோலில் காகிதத்தைக் கிழிப்பதுபோல் இறங்கியது. தியோ சிட்ரோ தன் கணக்கில் இன்னொரு கல்யாணத்தைச் சேர்த்துக்கொண்டு மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார். டெல்ஃபின் வீங்கிய கையோடு சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கத் திணறியதைப் பார்த்து, வால்டோ அதை வாங்கி இடது கையாலும் பல்லாலும் பிரித்துக் கொடுத்தான்.

மதியம் ஜீப் பாலத்தைத் தாண்டிப் போன பிறகு ஜொவெலின் அடுப்படிக்குப் போனாள். மேலே மூன்று பிரம்பும் புகையில் மெல்ல ஆடின. அடுப்பில் இன்னொரு விறகைச் செருகினாள். தீ எழும்பியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சூடு கூடினால் ஈரம் ஓடும் வேகத்தில் பிரம்பு வெடித்துவிடும். அது இந்த வீட்டில் அவளை விட நன்றாக யாருக்குத் தெரியும்?

செருகிய விறகை வெளியே இழுத்து, மண்ணில் தேய்த்து அணைத்தாள்.